ரெண்டு பேர் மேசை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில், என் மேசையில், என் மனைவியும் நானும் மட்டும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவது என்று சபதம் எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். எனக்குக் கோபம் வரும். ஏற்கெனவே வந்துதான் இருக்கிறது.

கட்டின பெண்டாட்டியோடு சாப்பிடுவதற்கு ஒரு சபதமா என்று கேட்பீர்கள். உங்கள் மாமியார் வீட்டில் எத்தனை பேர்? கைவிரலில் எண்ணிவிடலாமா? அப்படியானால் தயவுசெய்து பேசாமல் இருங்கள். என் மாமியார் வீட்டை எண்ணுவதற்கு என் கை விரல், கால் விரல், பட்டறையில் வேலை செய்கிறவர்களின் விரல் எல்லாவற்றையும் கடன் வாங்க வேண்டும். என் கல்யாணப் போட்டோவில் என்னைக் கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசே கொடுக்கலாம். சொந்த வீடு வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. கிடைத்தது. வீடு முழுக்கச் சொந்தம்.

அவர்கள் அத்தனை பேரும் இரண்டு தெரு தள்ளி ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மாமியார். லாரி ஓட்டும் பெரிய மச்சான், அவர் மனைவி. என் மனைவியின் தங்கை, அதாவது என் கொழுந்தியாள். அவள் புருஷன், குழாய் வேலை பார்க்கும் என் சகலை. இவர்கள் பெற்ற பிள்ளைகள், அந்தப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள். பெயர் கேட்டால் மனசு வருத்தப்படும் என்பதால் நான் இன்றுவரை பெயர் கேட்காத சில பெரியவர்களும் உண்டு. ஞாயிறு விடிந்தால் போதும். அந்த வீட்டைப் பூட்டி, சாவியை மாமியார் இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தனை பேரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கேட்டால், வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தார்களாம்.

போகும்போதாவது நல்ல வார்த்தை சொல்வார்களா என்றால் அதுவும் இல்லை. நம் பாஷையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதை ஒரு பேச்சுக்குச் சொல்கிறார்கள். இவர்கள் மனசாரச் சொல்கிறார்கள். "வர்றோம் மாப்பிள்ளை" என்று செருப்பை மாட்டுவார்கள். அடுத்த ஞாயிறு அதே செருப்பை அதே இடத்தில் கழற்றுவார்கள். வாக்குத் தவறாத பரம்பரை.

நான் மேசை நாற்காலி செய்கிற தச்சன். என் மனைவி ஒரு சலவைக் கடையில் கவுண்டரில் இருக்கிறாள். வாரம் முழுக்க நான் மரத்தூளில், அவள் அழுக்குத் துணியில். அவளோடு நிதானமாக நாலு வார்த்தை பேச எனக்கு இருப்பது அந்த ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவள் மகளாக இருப்பாள், அக்காவாக இருப்பாள், நாத்தனாராக, அத்தையாக, பெரியம்மாவாக இருப்பாள். மனைவியாக மட்டும் இருக்க மாட்டாள். மேசையின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். நடுவில் அவள் குடும்பம். ஒரு தடவை சாப்பாட்டில் உப்பு குறைந்தது. "உப்பை அனுப்பு" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் என்ன காதில் விழுந்ததோ, அப்பு என்கிற குட்டிக் குழந்தையைக் கைமாற்றி கைமாற்றி என் மடிக்கு அனுப்பி வைத்தார்கள். உப்பு வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வேட்டியில் ஈரம்தான் வந்தது.

அன்றைக்கு எடுத்த சபதம்தான் இது.

"என்னங்க, முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"வர்ற ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் மட்டும் சாப்பிடலாம்."

"ஏன்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி இருக்காங்க. எனக்குத்தான் சரியில்ல. உன்கிட்ட பேசணும்."

"இப்பப் பேசுங்க."

"இப்ப இல்ல. ஞாயித்துக்கிழமை. மத்தியானம். தனியா. யாரும் வர வேண்டாம்னு சொல்லிடு."

"நானா? என் வாயாலயா? ஆசை உங்களுக்கு, கெட்ட பேரு எனக்கா? நீங்களே சொல்லுங்க. அண்ணன் நம்பர் தரவா?"

பெரிய மச்சானின் உள்ளங்கை, மரம் இழைக்கிற என் இழைப்புளி அளவுக்கு இருக்கும். நான் நம்பர் வாங்கவில்லை.

வாயால் முடியாததைக் கையால் முடிப்பவன்தான் தச்சன். யோசித்துப் பார்த்தேன். இத்தனை பேர் ஏன் வருகிறார்கள்? உட்கார இடம் இருக்கிறது, வருகிறார்கள். யார் கொடுத்த இடம்? நான் கொடுத்த இடம். கல்யாணம் ஆன புதிதில் மாமியார் வீட்டில் பெயர் எடுக்க வேண்டும் என்று ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு நீள மேசை செய்து போட்டவன் நான்தான். மேசையை ஒழித்தால் கூட்டம் ஒழிந்தது!

மேசையைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ரம்பத்தை வைத்தேன். பாலிஷ் போடுகிறவர் பதறி ஓடி வந்தார்.

"மேஸ்திரி, நல்ல மேசை! எதுக்கு அறுக்கறீங்க?"

"சொந்தத்தை அறுக்க முடியல. அதான் மேசையை அறுக்கறேன்."

"மேசை பாவம் மேஸ்திரி. அது என்ன பண்ணுச்சு?"

"எல்லாருக்கும் இடம் குடுத்துச்சு."

சாயங்காலத்துக்குள் ரெண்டு பேர் மேசை தயார். எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. இரண்டு தட்டு வைத்தால் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் அளவு. மனைவி சாமியாடுவாள் என்று பதில்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் மேசையைச் சுற்றி வந்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க."

அவ்வளவுதான். மனப்பாடம் செய்ததெல்லாம் வீண். அந்த இடத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும். சண்டை போடும் பெண்டாட்டியைச் சமாளிக்கலாம். சரி என்று சொல்லும் பெண்டாட்டியைச் சமாளித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

ஞாயிறு வந்தது. அவர்களும் வந்தார்கள். மாமியார் வாசலில் நின்றுவிட்டார்.

"மேசை எங்க மாப்பிள்ளை?"

"உளுத்துப் போச்சு அத்தை. சின்னதா ஒண்ணு செஞ்சுட்டேன். இனிமே உங்களையெல்லாம் எங்க உக்கார வைக்கிறதுன்னுதான் தெரியல. மனசு அடிச்சுக்குது." குரலில் கொஞ்சம் கண்ணீர்கூடச் சேர்த்தேன்.

மாமியார் ஹாலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட! இந்த ஹால் இவ்வளவு பெருசா? இத்தனை நாளா அந்த மேசை அடைச்சுக்கிட்டு இருந்திருக்கே!"

"பாத்தியாக்கா?" என்றாள் கொழுந்தியாள். "எல்லாரும் கீழ தாராளமா உக்காரணும்னு அத்தான் மேசையையே எடுத்துட்டாரு. யாருக்கு வரும் இந்த மனசு?"

"நான் அதுக்காக..." என்றேன்.

"மாப்பிள்ளைக்கு எப்பவுமே தன்னடக்கம்," என்று பெரிய மச்சான் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் போனை எடுத்தார். "சித்தி? கிளம்பி வாங்க. இடம் இல்ல, இடம் இல்லன்னு நீங்கதான் வராமலே இருந்தீங்க. இப்ப இடம் கிடக்குது. ஆமா, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

சித்தி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்படி ஒரு சித்தி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் படுக்கை விரிப்புகள் ஹாலில் விரிந்தன. வரிசையாக உட்கார்ந்தார்கள். மேசை இருந்தபோது வந்ததைப் போல ஒன்றரை மடங்குக் கூட்டம். ரெண்டு பேர் மேசையிலும் ரெண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒன்று அப்பு. இன்னொன்று அப்புவின் பொம்மை. நான் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன். யாரோ ஐஸ் தண்ணீர் எடுக்க வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றார். என் வீட்டில். என்னை.

இத்தனை ஞாயிறும் சேர்த்து வைத்திருந்த கோபம் அன்றைக்குக் கொட்டிவிட்டது.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று கத்தினேன். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பொண்டாட்டியோட உக்காந்து ஒரு வாய் சோறு நிம்மதியாத் தின்ன விட மாட்டீங்களா? நான் கட்டிக்கிட்டது ஒருத்தியை! ஊரை இல்ல!"

என் வீட்டில் கடிகாரம் ஓடும் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். அப்பு மட்டும் ஒரு விக்கல் விக்கினான். மாமியார் மெதுவாக எழுந்து கை கழுவினார். எல்லோரும் எழுந்தார்கள். படுக்கை விரிப்பை உதறி மடித்து வைத்தார்கள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள்.

"போறோம் மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

"போறோம் அத்தான்."

"போறோம் மாமா." "போறோம் பெரியப்பா." பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள். 'வர்றோம்' என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துச் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சரிங்க," என்றாள். "இனிமே நீங்களும் நானும்தான்."

காதில் தேன் பாய்ந்தது. அது கொஞ்சல் இல்லை, தீர்ப்பு என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள் கைப்பையை வைத்துவிட்டு நேராக என் எதிரில் உட்கார்ந்தாள். 

"இன்னிக்கு ஒரு ஆளு வந்தான். நீல சட்டை. காலர்ல மை. 'மை போகுமா'ன்னான். 'போகும்'னேன். 'போகலைன்னா?'ன்னான்."

நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

"என்னங்க, 'ம்' கொட்டுங்க."

"எதுக்கு?"

"அம்மா கொட்டுவாங்க. கடை விட்டு வர்ற வழியில அவங்ககிட்டதான் தினமும் சொல்லிட்டு வருவேன். இப்ப அவங்க பேசறது இல்லையே. நீங்க கொட்டுங்க."

"ம்."

"அப்படி இல்ல. அது கடனேன்னு கொட்டுற 'ம்'. 'அப்புறம் என்ன ஆச்சு'ங்கற மாதிரி கொட்டணும்."

அன்றைக்குச் சட்டைகள் எத்தனை வந்தனவோ அத்தனைக்கும் 'ம்' கொட்டினேன். பாதியில் கண் சொருகிவிட்டது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் 'ம், ம்' என்று கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. "அப்ப எங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கறீங்களா?" என்று அவள் கேட்டதற்கும் 'ம்' கொட்டியிருக்கிறேன். அதைப் பிறகு அவள்தான் சொன்னாள்.

அடுத்து முடி. "பின்னாடி நுனியைக் கொஞ்சம் நேரா வெட்டி விடுங்க. தங்கச்சிதான் வெட்டுவா." 

நேராக வெட்டுவது என் தொழில் அல்லவா? கத்தரியை வாங்கினேன். இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருந்தது. வலது பக்கத்தைக் குறைத்தேன். இப்போது வலது பக்கம் ஏறியது. இடதைக் குறைத்தேன். ஆடுகிற ஸ்டூலுக்குக் கால் குறைப்பது போல மாறி மாறிக் குறைத்துக்கொண்டே போனேன். இடுப்பில் ஆரம்பித்த முடி தோளுக்கு வந்து சேர்ந்தபோது அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

நான் கத்தரியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்த நாள் சமையலறையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும். வேணும்னேதான் அந்தக் கிண்ணத்தை எடுத்து ஒளிச்சு வச்சீங்க."

"எந்தக் கிண்ணம்?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க அண்ணி."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"யாரு அண்ணி?"

"நீங்கதான். வாரத்துக்கு ஒரு சண்டையாவது அண்ணிகூடப் போட்டாத்தான் எனக்கு மனசு லேசாகும். அவங்களைத்தான் அனுப்பிட்டீங்களே. நான் யார்கூடப் போடுறது?"

"என்கூடப் போடேன். நான் புருஷன்தானே?"

"உங்ககூடப் போடுறது வேற சண்டை. அது தனி. இது அண்ணி சண்டை. சொல்லுங்க, கிண்ணம் எங்க?"

"எனக்குத் தெரியாதுடீ!"

"அண்ணி 'டீ' போட மாட்டாங்க. 'எனக்கென்னம்மா தெரியும், நான் இந்த வீட்டுக்கு வந்தவதானே'ன்னு சொல்லுவாங்க. சொல்லுங்க."

சொன்னேன். தச்சுப் பட்டறையில் ஆறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், சமையலறையில் கரண்டியோடு நின்றுகொண்டு, 'நான் இந்த வீட்டுக்கு வந்தவதானே' என்று சொன்னேன். அழுத்தம் போதவில்லை என்று திரும்பவும் சொல்ல வைத்தாள். நடுவில் குழாய் ஒழுகியது. சகலையைக் கூப்பிட முடியாதே! நானே ஸ்பானரை எடுத்தேன். ஒழுகிக்கொண்டிருந்தது பீச்ச ஆரம்பித்தது. ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கிண்ணத்துக்குப் போனாள்.

எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. நான் கட்டிக்கொண்டது ஒருத்தியைத்தான். ஆனால் அந்த ஒருத்தியைத் தாங்கிக்கொண்டிருந்தது ஓர் ஊர். ஆளுக்கு ஒரு பங்காகத் தோள் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் பங்குக்கு வந்தது ரொம்பச் சின்னது. அதையும் நான் மேசையின் கோடியில் உட்கார்ந்து உப்பு கேட்டே கழித்திருக்கிறேன். இது உறைத்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இதை யாராவது முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஆனாலும் சபதம் சபதம்தான். ஞாயிறு வந்தது. வாசலில் எங்கள் இரண்டு ஜோடிச் செருப்பு மட்டும். ரெண்டு பேர் மேசையில் ரெண்டு தட்டு. அவள் எதிரில் உட்கார்ந்தாள். முழங்கால் முழங்காலில் இடித்தது. நான் ஜெயித்துவிட்டேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பேசு," என்றேன்.

"என்ன பேசறது?"

"ஏதாவது. இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன்."

"வாரமெல்லாம் பேசித் தீத்தாச்சேங்க. நீங்க பேசுங்க. உங்களுக்குத்தானே பேசணும்னு இருந்துச்சு?"

நான் யோசித்தேன். எவ்வளவோ இருந்தது. எல்லாமே அவள் குடும்பத்தைப் பற்றிய புகார். இப்போது குடும்பமும் இல்லை, புகாரும் இல்லை. தட்டில் விரல் படும் சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பாடு நல்லா இருக்கு," என்றேன்.

"ம்," என்றாள். கடனே என்று கொட்டிய 'ம்'.

எழுந்து கை கழுவினாள். "என்னங்க, அந்த பீரோவை ஜன்னல் பக்கம் தள்ளணும். அண்ணன் ஒரு கையால தள்ளிடுவாரு."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பேன். அண்ணன் ஒரு கையால் தள்ளுவாராம்! அது நான் இழைத்து, நான் பூட்டிய பீரோ. என்னை விட அதற்கு யார் சொந்தம்? ஒரு மூச்சு இழுத்துத் தோளைக் கொடுத்தேன். பீரோ நகரவில்லை. என் இடுப்பில் ஏதோ ஒன்று நகர்ந்தது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். பட்டறையில் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்திருந்தால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

"ஐயோ! உன் அண்ணனைக் கூப்பிடு!"

"நான் கூப்பிட்டா வர மாட்டாங்களே. 'போறோம்'னு சொல்லிட்டுப் போனவங்க. எங்க வீட்டுல 'போறோம்'னு சொல்லிட்டா, போனது போனதுதான். அனுப்பினவங்களே கூப்பிடணும்."

போனை என் காதில் வைத்தாள்.

"மச்சான், நான்தான்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"சும்மாதான் கூப்பிட்டேன். எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம். நீங்க?"

"நல்லா இருக்கேன். கொஞ்சம் வீடு வரைக்கும் வர முடியுமா?"

"வர முடியாதே மாப்பிள்ளை. போறோம்னு சொல்லிட்டு வந்துட்டோமே."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது மச்சான்!"

"எங்க வீட்டுல பேச்சுக்குப் பேச மாட்டோம் மாப்பிள்ளை."

"மச்சான், இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நிமிர முடியல. மானத்தை விட்டுச் சொல்றேன், வாங்க."

அந்தப் பக்கம் ஒரே சத்தம். "என்னவாம்?" "இடுப்பாம்!" "ஐயோ பாவம் அத்தான்!" "தைலத்தை எடு!" என்று ஆளுக்கு ஒரு குரல். பிறகு மச்சான் வந்தார்.

"நாங்க அங்க வர முடியாது. ஆனா நீங்க இங்க வரலாம். நீங்க எங்க வீட்டுல என்னிக்குமே 'போறேன்'னு சொன்னது இல்லையே."

"குனிஞ்ச மேனிக்கு எப்படி வர்றது?"

"லாரி கொண்டு வர்றேன்."

"அப்ப நீங்க இங்க வந்ததா ஆகாதா?"

"ஆகாது. நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன்."

இறங்கவில்லை. தெருவில் ஹாரன் அடித்தார். மனைவி என்னைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போனாள். நான் குனிந்தபடியே வருவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் பதறிப் போய், "இருக்கட்டும் சார், எனக்கெதுக்கு இவ்வளவு மரியாதை," என்று அவரும் குனிந்தார்.

மாமியார் வீட்டு வாசலில் என்னை இறக்கியதும் எத்தனை கை வந்து தாங்கியது என்று எனக்குத் தெரியாது. தரையைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒருவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். சகலை காலைப் பிடித்தார். பெரிய மச்சான், "கண்ணை மூடிக்குங்க மாப்பிள்ளை," என்றார். மடக் என்று ஒரு சத்தம். அதைவிடப் பெரிதாக நான் ஒரு சத்தம் போட்டேன். நிமிர்ந்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், எதிரில் கொழுந்தியாள் அக்காவின் முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"யாருக்கா இப்படி வெட்டுனது?"

"உன் அத்தான்தான்."

"கத்தரியாலயா, ரம்பத்தாலயா?"

உள்ளேயிருந்து பெரிய மச்சானின் மனைவி, "வந்ததும் வராததுமா என் சமையக்கட்டுல என்னத்தைத் தேடுற?" என்று குரல் கொடுத்தாள். 

"என் கிண்ணத்தைத்தான் அண்ணி!" என்று என் மனைவி பாய்ந்து ஓடினாள். "எனக்கென்னம்மா தெரியும், நான் இந்த வீட்டுக்கு வந்தவதானே!" என்று பதில் வந்தது. அடடா, அந்த அழுத்தம்! நான் எத்தனை தடவை முயன்றும் வராத அழுத்தம். சண்டை ஜாம்ஜாம் என்று ஆரம்பித்தது. சண்டைக்கு நடுவில் என் மனைவி சிரித்தாள். ஒரு வாரமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. எனக்கு மறுபடியும் வந்துவிட்டது. கோபம்தான். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அத்தை," என்றேன். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரணும்."

"எங்க உக்கார்றது மாப்பிள்ளை? அங்க ரெண்டு பேர் மேசைதானே இருக்கு?"

"பழசை விடப் பெருசா செய்யறேன் அத்தை. சித்தியையும் கூப்பிடுங்க."

கிளம்பும்போது வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "வர்றேன்," என்றேன். "நாங்களும் வர்றோம் மாப்பிள்ளை," என்று வீடே பதில் சொன்னது. சொல்லக் கூடாதுதான், கேட்க நன்றாகவே இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் வேறு வேலை எடுக்கவில்லை. மச்சானும் சகலையும் வந்து பலகையைப் பிடித்தார்கள். பிடித்ததை விடப் பேசியது அதிகம். மேசை ஹாலில் ஆரம்பித்து வராந்தாவில் முடிந்தது. நடுவில் இருந்த கதவைக் கழற்றிவிட்டேன். ஞாயிறு வந்தது. வாசலில் செருப்பு மலை. அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். எனக்கு எதிரில் மூன்றே ஆள் தள்ளி உப்பு இருந்தது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? நான் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொற்பொழிவு செய்தேன்.

"அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். ஒருத்தியைக் கட்டினேன், ஊரை இல்லன்னு சொன்னேன். அந்த ஒருத்திக்கு அம்மாவா 'ம்' கொட்ட என்னால முடியாது. தங்கச்சியா முடி வெட்ட முடியாது. அண்ணனா பீரோ தள்ள முடியாது. அண்ணியா இருக்க..."

"அண்ணியாவா?" என்றார் மச்சான்.

"அதை விடுங்க. மொத்தத்துல, நீங்கள்ளாம் இல்லாம அவளும் இல்ல, நானும் இல்ல. என் பொண்டாட்டி முன்னாடியே இதைச் சொல்லணும்னுதான்..."

மேசையின் அந்தக் கோடியைப் பார்த்தேன். அவள் நாற்காலியில் அப்பு உட்கார்ந்திருந்தான்.

"எங்க அவ?"

எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள்.

"உக்காருங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். "சாப்பாடு ஆறுது."

"அத்தை, அவ எங்க?"

"எங்க வீட்டுச் சாவியை வாங்கிக்கிட்டுப் போயிருக்கா. நாங்கதான் எல்லாரும் இங்க வந்துட்டோமே. அங்க ஒருத்தரும் இல்ல பாருங்க."

போனை எடுத்தேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"அம்மா வீட்டுல."

"என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை இப்படி உக்காந்து நிம்மதியா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ஒரு சத்தம் இல்லைங்க."

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "நைசா நானும் அங்க வந்துடட்டுமா?" என்றேன்.

"வேண்டாங்க," என்றாள். "நீங்களும் வந்தா கூட்டமாயிடும்."